எழுவான்கரையில் சாப்பிட்ட ஐந்து நாட்கள்

ஜூலை 18, 2024 – வியாழன்

யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறும்போது, விடிய ஐந்து மணிக்கு மட்டக்களப்பில் இறக்கிவிடுவோம் என்றுதான் சொன்னார்கள். ஹபரணையைத் தாண்டியதும் பின் டயர் போய்விட்டது. மாற்று டயரிலும் காற்றில்லை. இரண்டரை மணித்தியாலம் காட்டுக்கு நடுவில் நின்றோம். யானை வரும் இடம், ஒருவரும் இறங்க வேண்டாம் என்று கொண்டக்டர் கதவடியில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். பக்கத்து சீட்டு அம்மா வாழைச்சேனைக்குப் போகிறவர். கையில் இருந்த ஒரே பணிஸைப் பிய்த்து, கேட்காமலேயே பாதியை என் கையில் வைத்தார். "வெறும் வயித்தோட இரிக்காதீங்க புள்ள." யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்ட பிறகு என் வாயில் பட்ட முதல் சாப்பாடு அதுதான்.

தோழி பஸ் நிலையத்தில் என்னைக் கண்டதும் மணிக்கூட்டைப் பார்த்தாள். "எட்டே கால். பிட்டு முடிஞ்சிரிக்கும்."

அவள் கல்லடிக்காரி. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையில் கிடக்கிற எழுவான்கரை ஊர் அது. கொழும்பு வெள்ளவத்தையில் ஒரே அறையில் தங்கி இருவரும் வேலைக்குப் போன காலத்திலிருந்து, பதினெட்டு வருடமாக, ஊருக்கு வா என்று கேட்டுக்கொண்டிருந்தவள். இப்போதுதான் வந்து சேர்ந்தேன். நான் வருவதற்கு முன்பே ஒரு கொப்பித் தாளில் திட்டம் எழுதி வைத்திருந்தாள். எந்த நாள், எத்தனை மணி, என்ன சாப்பாடு என்று வரிசையாக இருந்தது. கடைப் பெயர் ஒன்றுகூட இல்லை. "இஞ்ச எங்க சாப்பிடுற எண்டு கேட்டாச் சொல்லேலா. எப்ப எண்டு கேளு" என்றாள்.

மத்தியானம் அவளுடைய அம்மா சமைத்தார். வாவியில் பிடித்த மணலை மீன் தேங்காய்ப்பாலில், கூனி இறால் சுண்டல், முருங்கையிலை வறை, கடைசியில் புளியாணம். பழப்புளியைக் கரைத்து, சின்ன வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய் போட்டு, பால் விட்டுக் கொதிக்க முன் இறக்குகிறார். சோற்றில் விட்டுப் பிசைந்தும் சாப்பிடலாம், கோப்பையில் ஊற்றிக் குடிக்கவும் செய்யலாம். நான் குடித்தேன். இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்கிய வயிறு அதோடு அமர்ந்தது.

வீட்டில் இடித்த சரக்குத்தூள் ஒரு கிலோ கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். அம்மா பொட்டலத்தை மோந்து பார்த்து, "நல்ல வாசம்" என்று சொல்லிப் பத்திரமாகத் தட்டில் ஏற்றினார். அன்றைய கறியில் அதில் ஒரு கரண்டிகூட விழவில்லை. எங்கள் கறி தூளில் நிற்கும். இவர்களுடையது பாலில் நிற்கிறது. உறைப்பு இல்லாவிட்டால் கறியே இல்லை என்று நாற்பத்து மூன்று வயது வரை நம்பியிருந்த எனக்கு, மணலையின் ருசி மீனிலிருந்தே வருகிறது என்பது இரண்டாவது கவளத்தில் விளங்கியது.

இரவு கடற்கரைப் பக்கம் புதிதாக வந்த ஓர் உணவகத்துக்கு நான் கூட்டிப் போனேன். நண்டு கேட்டோம். வந்தது பல நாள் ஐசில் கிடந்த நண்டு. காலை உடைத்தால் தசை பஞ்சுபோலப் பிய்ந்தது. இருவருக்கும் 7,400 ரூபா. 56 கிலோமீற்றர் நீளத்துக்கு வாவி கிடக்கிற ஊரில் இப்படி ஒரு நண்டைத் தட்டில் வைக்க எப்படி மனம் வந்ததோ, எனக்குக் கோபமாக வந்தது. தோழி ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய தாளில் வியாழன் இரவுக்கு நேராக "வீட்டில் இடியப்பம்" என்று எழுதியிருந்தது.

ஜூலை 19, வெள்ளி

விடிய ஐந்தே முக்கால். கல்லடியில் கடலுக்குப் போகும் ஒழுங்கை ஒன்றில் ஒரு வீட்டுப் படலை. பெயர்ப் பலகை கிடையாது. எங்களுக்கு முன்னே பதினொரு பேர் நின்றார்கள். சைக்கிளோடு மீனவர்கள், பாடசாலைச் சீருடையில் ஒரு பெடியன், தூக்குச் சட்டியோடு ஒரு கன்னியாஸ்திரி.

தோழி சொன்னபடியால் அந்த அம்மா என்னை அடுப்படியில் நிற்க விட்டார். பிட்டுக்குழல் மூங்கில். வெளியே தென்னங்கயிற்றை இடைவெளி விடாமல் சுற்றியிருக்கிறது, புகையில் கறுத்து மினுங்குகிறது. "கயிறு மாத்துவன். குழலுக்குப் பன்னிரெண்டு வருசம்." முதலில் ஒரு பிடி தேங்காய்ப்பூ, அதன் மேல் வறுத்த சிவப்பரிசி மா, மறுபடி தேங்காய்ப்பூ, மறுபடி மா. எதையும் அமத்தாமல், உதிர்த்தபடியே போடுகிறார். அமத்தினால் ஆவி ஏறாது. நிறைந்த குழலைப் பானை வாயில் குத்திவைத்து, மேல் வாயால் ஆவி எழும்பி வரும்வரை பார்த்திருந்து, தடியால் பின்னாலிருந்து தள்ளுகிறார். வாழையிலையில் முழுக் குழலும் ஒரே நீளமாக வந்து விழுகிறது. சிவப்பு, வெள்ளை, சிவப்பு, வெள்ளை.

எங்கள் வீட்டில் பிட்டு பனையோலையில் பின்னிய நீத்துப்பெட்டியில்தான். மாவோடு தேங்காய்ப்பூவைக் கலந்து கொட்டி அவிப்போம். அங்கே எது மா, எது பூ என்று பிரித்துக் காட்ட முடியாது. அதனால் கிழக்கில் தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றிச் சொல்லும் "பிட்டும் தேங்காய்ப்பூவும் போல" என்ற பேச்சை நான் எப்போதும் கலந்துபோனதாகவே விளங்கியிருந்தேன். குழலிலிருந்து விழுந்ததைப் பார்த்த பிறகுதான் அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபட்டது. ஒவ்வொன்றும் தன் இடத்தில் தனியாகத் தெரிகிறது. ஆனால் இடையில் பூ இல்லாவிட்டால் மா இறுகிக் கட்டியாகிவிடும், தொண்டையில் இறங்காது.

குழல் ஒன்று 60 ரூபா. சொதி, கட்டைச்சம்பல், கெளிற்று மீன் ஆணம் எல்லாம் சேர்த்து எனக்கு 220. ஏழு மணி பத்து நிமிடத்துக்கு அந்த அம்மா பானையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டார்.

திரும்பும் வழியில் சிவானந்த வித்தியாலயத்துப் பக்கம் பிள்ளைகள் பூவோடு போனார்கள். தமிழறிஞரான விபுலாநந்த அடிகளுடைய நினைவு நாள். 1947 ஜூலை 19 மறைந்தவர். அவருடைய சமாதி இங்கேதான். நாங்களும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தோம்.

தாளில் வெள்ளிக்கு "காத்தான்குடி, ஒன்றரைக்குப் பிறகு" என்று இருந்தது. சேலை எடுக்கும் ஆசையில் நான் பதினொரு மணிக்கே அவளை இழுத்துக்கொண்டு போனேன். பிரதான வீதியின் நடுவில் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கின்றன. குலைகளுக்கு வலை கட்டியிருந்தார்கள். ஒரு சேலையும் இரண்டு சாரமும் எடுத்து முடிய முதலாளி தொப்பியைப் போட்டுக்கொண்டு கடைக் கதவைப் பாதி இறக்கினார். ஜும்மா. பத்து நிமிடத்தில் வீதி முழுக்கப் பூட்டு. சாப்பாட்டுக் கடை, தேத்தண்ணிக் கடை, குளிர்பானக் கடை, ஒன்றும் இல்லை. கச்சான் என்கிற வரண்ட மேல்காற்று அடுப்பு வாயிலிருந்து வருவதுபோல அடித்தது. வாயெல்லாம் மண்.

ஒழுங்கை நிழலில் நின்ற எங்களை ஒரு வீட்டு வாசலிலிருந்து ஓர் உம்மா கூப்பிட்டார். தண்ணீர் கொடுத்தார். நாங்கள் செம்பைத் திருப்பிக் கொடுக்க, அவர் வாங்கவில்லை. "ஒண்டரை மட்டும் தெருவிலயா நிப்பீங்க? சோறாக்கியாச்சு. ஊட்ட வந்து தின்னுட்டுப் போங்க."

உள்ளே அவரும் இரண்டு மகள்மாரும். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட்டார்கள். பாய் விரித்து நடுவில் சஹன் வைத்தார்கள். அகலமான ஒரே தட்டு, குவித்த சோறு, சுற்றி ஐந்து பேர். ஒவ்வொருவரும் தன் முன்னால் இருக்கும் பங்கிலிருந்து சாப்பிட வேண்டும், மற்றவர் பக்கம் கை போகாது. நல்ல துண்டை விரலால் எதிரே இருப்பவர் பக்கம் தள்ளிவிடுவதுதான் அங்கே மரியாதை. என் பக்கம் அப்படி மூன்று துண்டு பொரித்த மீன் வந்து சேர்ந்தது.

ஒரு விசயம் என் கண்ணில் பட்டது. நாங்கள் உள்ளே வரும்போது மேசையில் இரண்டு கறிச்சட்டி இருந்தன. தோழியின் நெற்றிப் பொட்டைப் பார்த்த மூத்த மகள், ஒரு சட்டியை மூடி எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். மாட்டிறைச்சி. அதைப் பற்றி ஒருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. அவர்களும் அன்று எங்களோடு மீன் பாலாணமும் கத்தரிக்காயும் மட்டுமே சாப்பிட்டார்கள். வெள்ளிக்கிழமைக்கென்று ஆக்கிய கறி உள்ளே இருந்தது.

அந்த வீடு உம்மாவுக்கு அவருடைய தாய் கொடுத்தது. பக்கத்து வளவில் எழும்பிய புது வீடு மூத்த மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவது இங்கே தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒரே வழக்கம். குடி என்கிற குலப் பிரிவும் தாய்வழிதான். யாழ்ப்பாணத்திலும் சீதன வீடு உண்டு என்றாலும், இங்கே போல ஒரே வளவில் பாட்டி, தாய், மகள் என்று அடுப்பு கைமாறுவதை நான் கண்டதில்லை. பாலாணத்துக்கு உப்புப் பார்த்தது உம்மா, பால் பிழிந்தது இளைய மகள்.

நான் யாழ்ப்பாணம் என்றதும் பேச்சு கொஞ்சம் நின்றது. பிறகு உம்மாவே சொன்னார், அவருடைய மச்சாள் ஒருத்தி யாழ்ப்பாணத்தில் வாழ்க்கைப்பட்டு 1990இல் கையில் ஒரு பையோடு வெளியே வந்தவர் என்று. அதே வருடம் ஓகஸ்ட் 3 இரவு இந்த ஊரின் இரண்டு பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டு நின்றவர்களை விடுதலைப் புலிகள் சுட்டார்கள். நூறு பேருக்கு மேல். சன்னம் பட்ட சுவரை அப்படியே வைத்திருக்கிறார்கள். அக்டோபரில் புலிகள் யாழ்ப்பாணத்து முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னபோது எனக்கு ஒன்பது வயது. சோனகதெருவில் அப்பாவுடைய சிநேகிதர் ஒருவர் வீட்டிலிருந்து பெருநாளுக்குப் பெருநாள் வட்டிலப்பம் வரும். தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்று அம்மா அதில் சீனி போட்டு அனுப்புவார். கடைசியாக வந்த தட்டு, நீலப் பூப் போட்டது, எங்கள் வீட்டிலேயே நின்றுவிட்டது. கொடுத்து அனுப்ப அங்கே ஆளில்லை. இதை உம்மாவிடம் சொல்லும்போது எனக்குக் குரல் அடைத்தது. அவர் சோற்றுக் கையோடு என் முழங்காலில் இடக்கையை வைத்தார்.

தயிரும் வாழைப்பழமும் சீனியும் போட்டுப் பிசைந்த கடைசிப் பிடி சோற்றோடு சாப்பாடு முடிந்தது. புறப்படும்போது ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வட்டிலப்பம் வைத்துத் தந்தார்கள்.

ஜூலை 20, சனி

போயா, பௌர்ணமி விடுமுறை. இறைச்சிக் கடைகள் பூட்டு. மாமாங்கேஸ்வரர் கோயிலுக்குப் போய்வந்து, வீட்டில் மரக்கறியோடு மத்தியானம் முடிந்தது.

பின்னேரம் தோழியின் அம்மாவோடு கொன்வென்றில் படித்த ஓர் அன்ரி வீட்டுக்குப் போனோம். பறங்கியர். போர்த்துக்கீசர் காலத்திலிருந்து இந்த ஊரோடு சேர்ந்தவர்கள், தச்சும் இரும்பு வேலையும் கைத்தொழிலாகக் கொண்டவர்கள், சில வீடுகளில் இன்னும் போர்த்துக்கீசக் கிரியோல் பேசுகிறவர்கள். எங்களோடு மட்டக்களப்புத் தமிழில் பேசிக்கொண்டிருந்தவர், போன் வந்ததும் தம்பியோடு அந்தப் பாசைக்கு மாறினார். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் நான் இருந்த கதிரை, கேக் வைத்த மேசை, அது வெந்த குசினி, யாழ்ப்பாணத்தில் நாங்கள் தினமும் வாங்கும் பாண், இவையெல்லாம் அவர்களுடைய முன்னோர் கொண்டுவந்த சொற்கள்தானே.

லவ் கேக். ரவை, முட்டை மஞ்சள் கரு, சீனி, பட்டர், தேன், பன்னீர், சீனிப்பாகில் ஊறிய நீற்றுப்பூசணித் தோசி, நிறைய மரமுந்திரிகைப் பருப்பு. பருப்பை அரைக்கக் கூடாது, கத்தியால் பொடியாகக் கொத்த வேண்டும் என்பதில் அன்ரி மிகக் கண்டிப்பு. மேலே மெல்லிய மொறுமொறுப்பு, உள்ளே ஈரம். நத்தாருக்குச் செய்வதை எனக்காக ஜூலையில் செய்திருந்தார். 2004 சுனாமியில் கடற்கரையை ஒட்டிய டச்பார் என்ற இடத்தில் இருந்த வீடு முழுக்கப் போனது, தாயின் சமையல் கொப்பியும் போனது. அளவெல்லாம் தன் கையில்தான் இருக்கிறது என்று கையை விரித்துக் காட்டினார். பேத்தி பக்கத்தில் நின்று எழுதிக்கொள்கிறாள் என்பது எனக்கு நிம்மதியாக இருந்தது.

இரவு கல்லடிப் பாலம். 1924இல் திறந்த பழைய இரும்புப் பாலத்தில் இப்போது வாகன நெரிசல் இல்லை. புதுப் பாலம் பக்கத்திலேயே வந்துவிட்டது. நிலாவில் குடும்பம் குடும்பமாக நின்று கச்சான் கடலை உடைத்துச் சாப்பிடுகிறார்கள், ஒரு சுருள் 100 ரூபா. வாவியின் அடியிலிருந்து ஒலி எழுப்புவதாகச் சொல்லும் பாடும் மீனைக் கேட்க வேண்டும் என்று சொன்னதற்கு ஒரு தோணிக்காரர் ஏற்றிப் போனார். துடுப்பைத் தண்ணீரில் விட்டு, பிடியில் காதை வைக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் தண்ணீர்தான். பிறகு அடியிலிருந்து, ஈர விரலால் கண்ணாடிக் கோப்பை விளிம்பைத் தேய்ப்பதுபோல ஒரு நீளமான ஒலி. மீனா, ஊரி நத்தையா என்று கேட்டேன். "அது பாடுற நேரம் பாடட்டும் புள்ள" என்றுவிட்டார்.

ஜூலை 21, ஞாயிறு

கல்முனை பஸ். யன்னலோரம் இடம் கிடைத்ததால் முழு வழியும் பார்த்தேன். நாவற்குடா தாண்டிக் காத்தான்குடி மினாராக்கள். அது முடிந்த இடத்தில் ஆரையம்பதிக் கோயில்கள். குருக்கள்மடம், செட்டிபாளையம், களுதாவளை என்று வரிசையாகத் தமிழ் ஊர்கள். களுவாஞ்சிக்குடியில் வெற்றிலைக் கூடையோடு ஒருவர் ஏறினார், பஸ்ஸே மணத்தது. அம்பாறை மாவட்டத்துக்குள் நுழைந்தால் மருதமுனை முஸ்லிம் ஊர், பாண்டிருப்பு தமிழ் ஊர், கல்முனை இரண்டும், சாய்ந்தமருது முஸ்லிம், காரைதீவு தமிழ், நிந்தவூர் மறுபடி முஸ்லிம். யாரோ பெரிய குழலில் ஊர்களை மாறி மாறிப் போட்டதுபோல. சில இடத்தில் ஒரு மதிலுக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றது. எல்லையில் உள்ள தேத்தண்ணிக் கடைகளில் இரண்டு பக்கத்து ஆட்களும் ஒரே வாங்கில் இருந்தார்கள். அந்த வாங்கில் பேச்சு எல்லா நாளும் சுமுகமாக இருந்திருக்காது, காணியும் எல்லையும் பற்றிய சண்டை இன்றும் உண்டு என்பதும் எனக்குத் தெரியும்.

கல்முனையில் மத்தியானம் கோழிப் பிரியாணி, 950 ரூபா. முட்டை, மாசிச் சம்பல், அச்சாறு எல்லாம் சேர்த்து இருவருக்குப் போதும். பரவாயில்லை. வெள்ளிக்கிழமைச் சோற்றின் பக்கத்தில் வைக்க மாட்டேன். சாய்ந்தமருதில் சுடச்சுடச் சமோசா 80, இஞ்சிப் பிளேன்டீ 50. அதுதான் அன்றைக்கு நல்ல சாப்பாடு. காரைதீவில் விபுலாநந்தர் பிறந்த வீட்டைப் பார்த்தோம். பக்கத்து வீட்டம்மா பாதி வெட்டிய பலாப்பழத்தோடு வந்து, எங்கே இருந்து வருகிறீர்கள் என்று கேட்க முன்னமே சுளையை நீட்டினார்.

ஜூலை 22, திங்கள்

கடைசி நாள் வாவிக்கு அந்தப் பக்கம். சூரியன் எழும் கரை எழுவான்கரை, படும் கரை படுவான்கரை. மண்முனைப் பாலம் 2014இல் வருமுன் இந்தத் துறையைப் பாதையில்தான் கடப்பார்கள். பாதை என்றால் இங்கே வாகனமும் ஏற்றிப் போகும் தெப்பம். பாலம் ஏறினதும் காற்றே மாறியது. வயல், எருமை, கொக்கு.

கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு வீட்டில் தயிர் வாங்கினோம். விடியப் பால் கறந்து, பொங்கக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டில் உறை ஊற்றி, மண் சட்டியில் விடுவார்கள். சட்டி தண்ணீரை உறிஞ்சும், அதனால்தான் இறுக்கம். புதுச் சட்டியாக இருக்க வேண்டும், கழுவித் திரும்பப் பாவித்த சட்டி அந்தளவு உறிஞ்சாது என்று அந்த வீட்டு ஐயா விளக்கினார். பிறகு ஒரு சட்டியை என் தலைக்கு மேலேயே கவிழ்த்துப் பிடித்தார். ஒரு சொட்டும் விழவில்லை. ஒரு சட்டி 450. பஸ்ஸில் மடியில் வைத்துப் போங்கள், கீழே வைத்தால் சூடு பிடிக்கும் என்று சொல்லி வாயைத் தாளால் கட்டித் தந்தார்.

திரும்பும்போது காத்தான்குடியில் இறங்கினோம். டப்பாவைக் கழுவி, தோழியின் அம்மா செய்த பயற்றம் உருண்டையை அதில் நிறைத்துக் கொண்டுபோயிருந்தேன். உம்மா ஒன்றை எடுத்துக் கடித்து, "சக்கர நல்லாப் பிடிச்சிரிக்கு" என்றார். இருங்கள் என்று டப்பாவோடு உள்ளே போனார். திரும்பி வந்தபோது அதில் மஸ்கட் என்ற இனிப்பு, மேலே ஈரம் படாமல் ஒரு வெள்ளைத் தாள். "மறுகா எப்ப வருவீங்க?"

தயிர்ச் சட்டி பாதி வழியில் ஒருதரம் சரிந்தும் உடையாமல் வீடு வந்தது. மஸ்கட்டை அம்மாவும் நானும் இரண்டு நாளில் முடித்துவிட்டோம். டப்பா இப்போது எங்கள் அலுமாரியில், அந்த நீலப் பூத் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.